பொம்மை ரயிலுக்கும் பத்திரிகை நடத்தினார்கள்



சென்ற மாதம் என் பேரனின் பிறந்த நாளுக்கு ஆன்லைனில் ஒரு பொம்மை ரயில் வாங்கிக் கொடுத்தேன். எஞ்சின் ஒன்று, பெட்டி நான்கு, வட்டமாகச் சேர்க்கும் தண்டவாளம். நேர் பாதையில் நன்றாக ஓடுகிறது. வளைவு வந்தால் மூன்றாவது பெட்டி கவிழ்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எண்ணுக்கு இரண்டு நாள் போன் செய்தேன், பாட்டுதான் கேட்டது. மின்னஞ்சல் அனுப்பினால் "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்று ஒரு பதில், அதோடு சரி. "தாத்தா, இது ஏன் விழுதுன்னு யாரைக் கேக்கறது?" என்றான் பேரன். முப்பத்தெட்டு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து மற்றவர்கள் கேள்விக்குப் பதில் சொன்ன எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

அதே வாரம்தான் நம் பொதுக்குழு. வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப் குழு இருக்கும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் செய்தி மடல் எதற்கு, யார் படிக்கிறார்கள், நிறுத்திவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். முடிவு எதுவும் எடுக்கவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மடலைத் தயாரிக்கும் தம்பி மறுநாள் என்னிடம் வந்து, "சார், இந்தத் தடவை நீங்க ஒரு கட்டுரை குடுங்க" என்றார். நம் திருப்புட்குழி விஜயராகவப் பெருமாளைப் பற்றியும் ஜடாயு தீர்த்தத்தைப் பற்றியும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் நம் பிளாக்குகளில் இருக்கிறார்கள். அதனால் மனதில் ஓடிக்கொண்டிருந்த பொம்மை ரயிலையே எடுத்துக்கொண்டேன். பொம்மை ரயிலுக்காகவே பத்திரிகை நடத்திய மனிதர்களின் கதை இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த விஷயம் தெரியவந்தது மூர் மார்க்கெட்டில். காஞ்சிபுரத்தில் பி.காம். முடித்துவிட்டு, 1981-ல் வங்கித் தேர்வு எழுத சென்னை போயிருந்தேன். தேர்வு முடிந்து சென்ட்ரல் பக்கம் நடந்தால் மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடைகளில் கணக்கியல் புத்தகம் தேடப்போய், ஒரு கட்டில் 'மெக்கானோ மேகஸின்' என்று மூன்று ஆங்கில இதழ்கள் கிடைத்தன. 1950-களில் வந்தவை. அட்டையில் வண்ணத்தில் ஒரு நீராவி எஞ்சின். சிறுவர் பத்திரிகை என்று நினைத்து வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது புரட்டினால் பாலம் எப்படிக் கட்டுகிறார்கள், கப்பல் எப்படி நீரில் இறக்குகிறார்கள், பொம்மை ரயிலுக்கு சிக்னல் எப்படி அமைப்பது என்று ஒரே தொழில்நுட்பம். கடைசிப் பக்கங்களில் பையன்கள் நடத்தும் கிளப்களின் செய்திகள். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது, அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. அந்த மூன்று இதழ்களில் ஒன்று மட்டும் கரையானுக்குத் தப்பி என் அலமாரியில் இருக்கிறது.

அந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர் நம்ம ஆள். அதாவது குமாஸ்தா. ஃபிராங்க் ஹார்ன்பி, 1863-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தவர். இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதினார். தன் இரண்டு பையன்களுக்காக வீட்டில் தகரத்தை வெட்டி பொம்மைகள் செய்வார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகத் துண்டு வெட்டுவதற்குப் பதில், அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்ட ஒரே மாதிரிப் பட்டைகள் செய்துவிட்டால் நட்டு போல்ட்டால் எதை வேண்டுமானாலும் கட்டலாம், பிரித்து மறுபடி வேறொன்று கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1901-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமைச் செலவுக்குக் கையில் பணமில்லை. முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுன் கடன் வாங்கினார். கடன் கொடுத்த முதலாளி பிறகு அவருக்குப் பங்காளி ஆனார். லோன் செக்ஷனில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல ஐந்து பவுன் கடன் லிவர்பூலில் வேறு எதுவும் கொடுக்கப்பட்டிருக்காது.

1907-ல் அந்தப் பொம்மைக்கு மெக்கானோ என்று பெயர் வைத்தார். நம் வீடுகளில் பிள்ளைகள் வைத்திருக்கும் மெக்கானிக்ஸ் செட்டின் மூதாதை அதுதான். 1914-ல் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை. 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி ரயில்கள் வந்தன. அதுவரை பொம்மை ரயில் என்றால் ஜெர்மனிதான், பிங், மார்க்லின் என்ற கம்பெனிகள். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் சரக்கு வாங்க இங்கிலாந்தில் மனம் வரவில்லை. அந்த இடைவெளியில் ஹார்ன்பி நுழைந்தார்.

ரயில் வருவதற்கு நான்கு வருஷம் முன்பே பத்திரிகை வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். 1916 செப்டம்பரில், போர் நடந்துகொண்டிருந்தபோது, மெக்கானோ மேகஸின் முதல் இதழ். நான்கே பக்கம், இலவசம், ஆசிரியர் ஹார்ன்பியே. மெக்கானோ செட் வாங்கியவர்கள் அடுத்த செட் வாங்கவேண்டும் என்பதுதான் நோக்கம், சந்தேகமே வேண்டாம். எங்கள் பாஷையில் சொன்னால் அது லாப நட்டக் கணக்கில் பற்றுப் பக்கம் எழுதவேண்டிய விளம்பரச் செலவு. அதற்கு மேல் எதுவும் ஆகாமலே போயிருக்கலாம். ஆகவைத்தவர் இன்னொருவர்.

எல்லிசன் ஹாக்ஸ் என்று பெயர். 1921 வாக்கில் பொறுப்புக்கு வந்தவர், 1935 வரை ஆசிரியராக இருந்தார். அவருக்கு வானியலில் பைத்தியம், இருபத்தொரு வயதுக்குள்ளாகவே குழந்தைகளுக்காக நட்சத்திரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். 1927-ல் வானொலியைக் கண்டுபிடித்த முன்னோடிகளைப் பற்றி எழுதிய புத்தகம் இன்றும் அந்தத் துறையில் பேசப்படுவது. இப்படிப்பட்டவரிடம் ஒரு பொம்மைக் கம்பெனி விளம்பரத் தாளைக் கொடுத்தால் என்ன செய்வார்? மாத இதழாக்கினார். பக்கங்களைக் கூட்டினார். உலகத்தில் எங்கே அணை கட்டினாலும், சுரங்கம் தோண்டினாலும், புது எஞ்சின் விட்டாலும் அது அந்த இதழில் வந்தது. தபால்தலை சேகரிப்புக்கு ஒரு பக்கம், கடி ஜோக்குகளுக்கு ஒரு பக்கம். கிறிஸ்துமஸ் இதழ்கள் நூறு பக்கத்தைத் தாண்டின. பையன்கள் ஆறு பென்ஸ் கொடுத்து அதை வாங்கினார்கள். தன் விளம்பரத்தைத் தானே காசு கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர், எந்த மார்க்கெட்டிங் மேனேஜருக்கும் கனவு. ஆனால் வெறும் விளம்பரமாக இருந்திருந்தால் அந்தப் பையன் இரண்டாவது மாதமே வாங்குவதை நிறுத்தியிருப்பான்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்த இதழ் நடத்திய போட்டிகள். மாதாமாதம் மாடல் கட்டும் போட்டி, படம் வரையும் போட்டி. வெளிநாட்டு வாசகர்களுக்கு அதில் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவுக்குக் கடைசித் தேதி மாதக்கணக்கில் தள்ளி இருக்கும். காரணம், இதழ் கப்பலில் போய்ச் சேரவேண்டும், பையன் செய்து முடிக்கவேண்டும், அது மறுபடி கப்பலில் லிவர்பூல் வரவேண்டும். நியூசிலாந்தில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் தபால் தாமதத்தால் தோற்றுவிடக் கூடாது என்று ஒரு ஆபீஸில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யாரோவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஏதோ ஒரு குமாஸ்தாவாகத்தான் இருக்கவேண்டும்.

1919-ல் மெக்கானோ கில்டு என்று பையன்களின் சங்கங்களை இணைக்கும் அமைப்பு வந்தது. 1928-ல் 'ஹார்ன்பி ரயில்வே கம்பெனி' வந்தது. பெயர்தான் கம்பெனி, உண்மையில் அது ரயில் வைத்திருக்கும் பையன்களின் சங்கம். சேர்ந்தால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் வரும். ரயிலைச் சும்மா சுற்றவிட்டால் ஒரு வாரத்தில் சலித்துவிடும் என்பது இதழ் நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கால அட்டவணை போட்டு எப்படி ஓட்டுவது, சரக்கு ரயிலை எப்படி ஒதுக்கி நிறுத்தி எக்ஸ்பிரஸுக்கு வழிவிடுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கம்பெனி பொம்மையைத்தான் விற்றது. அதை வைத்து என்ன செய்வது என்று சொன்னது பத்திரிகை.

ஹார்ன்பி 1931-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், 1936-ல் காலமானார். பிறகு இரண்டாம் உலகப் போர். பின்ஸ் ரோடு தொழிற்சாலை போர்த் தளவாடங்கள் செய்யப் போய்விட்டது. பொம்மை உற்பத்தியே நின்றது. ஆனால் பத்திரிகை நிற்கவில்லை! காகிதத் தட்டுப்பாட்டால் 1942-ல் அளவைச் சுருக்கி, கையடக்கமாகக் கொண்டுவந்தார்கள். விற்க ஒரு பொருளும் இல்லாத கம்பெனி, தன் பொருளை விற்பதற்காகத் தொடங்கிய பத்திரிகையை விடாமல் நடத்தியது. பி.காம். பாடத்தில் இதற்கு ஒரு தலைப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். 'குட்வில்' என்று சொல்லலாம். ஆனால் குட்வில்லை யாரும் பேரேட்டில் மாதாமாதம் செலவு எழுதமாட்டார்கள்.

இடையில் ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன், பள்ளிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் உதவும். 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியர் தன் மாணவர் ஆர்தர் போர்ட்டருடன் சேர்ந்து, கடினமான கணக்குகள் போடும் ஒரு இயந்திரத்தை மெக்கானோ பாகங்களாலேயே கட்டினார். பொம்மை என்று நினைத்தது அல்ல, நிஜமாகவே கணக்குப் போட்டது.

போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1964-ல் கம்பெனி போட்டியாளரிடம் கைமாறியது. பத்திரிகையும் ஒரு பதிப்பாளரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது, நின்று மறுபடி தொடங்கியது, காலாண்டிதழாகச் சுருங்கியது, 1981-ல் முடிந்தது. அதற்கு முன் 1979 நவம்பரிலேயே பின்ஸ் ரோடு தொழிற்சாலையின் கதவு மூடியிருந்தது. நான் மூர் மார்க்கெட்டில் அந்த மூன்று இதழ்களை வாங்கிய அதே வருஷம் அந்தப் பத்திரிகை நின்றிருக்கிறது என்பது இந்தக் கட்டுரைக்காகத் தேதிகளை எழுதிவைத்தபோதுதான் எனக்கே உறைத்தது.

கம்பெனி நடத்திய பத்திரிகை கம்பெனியோடு போயிற்று. அமெரிக்காவில் இன்னொருவர் வேறு வழியில் தொடங்கினார். அவரிடம் போவதற்கு முன் உங்களை அரக்கோணம் வரை அழைத்துப் போகவேண்டும்.

நம் காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது 1865-ல். இந்தியன் டிராம்வே கம்பெனி என்று ஒன்று, அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 19 மைல் பாதை போட்டது. மூன்றரை அடி அகலப் பாதை. அரக்கோணம் வழியாக ஓடிய மெட்ராஸ் ரயில்வேயின் பாதையோ ஐந்தரை அடி. என்ன ஆகும்? காஞ்சிபுரத்தில் ஏற்றிய சரக்கை அரக்கோணத்தில் இறக்கி, மறுபடி இன்னொரு வண்டியில் ஏற்றவேண்டும். இரண்டு ரயில், இரண்டும் நல்ல ரயில்தான், ஆனால் ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓடாது. 1878-ல் நம் பாதையை மீட்டர் கேஜ் ஆக்கினார்கள், அப்போதும் இந்தத் தொல்லை தீரவில்லை. நானே மீட்டர் கேஜ் வண்டியில் கரி எஞ்சின் புகையில் சட்டை அழுக்காக்கிக்கொண்டு போனவன். அகலப்பாதை நம் காலத்தில்தான் வந்தது.

பொம்மை ரயிலிலும் 1930-களில் இதே கதை. ஓ கேஜ் என்றால் தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். ஹெச்.ஓ. என்பது பெயரே சொல்வதுபோல் ஓ-வில் ஏறக்குறைய பாதி, 16.5 மில்லிமீட்டர். ஆனால் ஒரே கேஜுக்குள்ளேயே ஒரு கம்பெனி சக்கரம் இன்னொரு கம்பெனி தண்டவாளத்தில் ஒழுங்காக ஓடாது. சக்கரத்தின் விளிம்பு உயரம் வேறு, பெட்டிகளை இணைக்கும் கொக்கி வேறு. வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியிடம் வாங்கு என்பதுதான் வியாபாரிகளின் எண்ணம்.

இந்த நிலையில்தான் மில்வாக்கி நகரில் ஆல் கால்ம்பாக் என்ற இளைஞர் வருகிறார். 1910-ல் பிறந்தவர், சின்ன அச்சுத் தொழில், பொம்மை ரயிலில் தீராத ஆசை. அவர் தன் பத்திரிகைக்குத் திட்டம் போட்ட 1933-ம் வருஷம் எப்படிப்பட்டது தெரியுமா? அமெரிக்காவில் உழைப்பவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. மார்ச் மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டிலிருந்த எல்லா வங்கிகளையும் சில நாள் இழுத்து மூடினார். வங்கி ஊழியனாக இருந்த எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதே வயிறு கலங்கும். அந்த வருஷக் கடைசியில், பொழுதுபோக்குக்காகப் பொம்மை ரயில் ஓட்டுபவர்களுக்கு ஒரு மாத இதழ் என்று ஒருவர் வந்து கடன் கேட்டிருந்தால் நான் மனுவையே வாங்கியிருக்கமாட்டேன். 1934 ஜனவரியில் 'தி மாடல் ரெயில்ரோடர்' முதல் இதழ் வந்துவிட்டது. அவருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

கால்ம்பாக் எந்தப் பொம்மைக் கம்பெனிக்கும் ஆள் இல்லை. அதனால் ஹார்ன்பியால் செய்யமுடியாத ஒன்றை அவரால் செய்யமுடிந்தது. 1935 செப்டம்பரில் பல ஊர் கிளப்காரர்கள் மில்வாக்கியில் கூடி, தேசிய அளவில் ஒரு மாடல் ரயில் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைக் கூட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு. சங்கத்தின் முதல் வேலை அளவுகளைப் பொதுவாக்குவது. சக்கரம் இத்தனை அகலம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இத்தனை இடைவெளி, தண்டவாளம் இப்படி. யார் செய்தாலும் இந்த அளவில் செய்தால் எல்லாருடைய ரயிலும் எல்லாருடைய தண்டவாளத்திலும் ஓடும். கம்பெனிகள் அதற்கு வந்துதான் சேரவேண்டியிருந்தது, ஏனென்றால் வாங்குபவர்கள் ஒன்றாக நின்றார்கள், அவர்கள் ஒன்றாக நிற்கப் பேசிக்கொள்ள ஒரு பத்திரிகை இருந்தது. 1980-களில் எங்கள் வங்கிகளுக்கு எம்.ஐ.சி.ஆர். காசோலை வந்தபோது நடந்தது இதேதான். காசோலையின் அடியில் எல்லா வங்கியும் ஒரே எழுத்தில் ஒரே இடத்தில் எண்ணை அச்சிட்ட பிறகே இயந்திரம் அதைப் படித்தது. அதற்கு முன் கிளியரிங் நாளில் நாங்கள் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுதவேண்டும்.

லயனல் என்ற பெரிய அமெரிக்கப் பொம்மை ரயில் கம்பெனியும் 1937-ல் 'மாடல் பில்டர்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கிப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. கால்ம்பாக் 1940-ல் நிஜ ரயில்களுக்காக 'டிரெயின்ஸ்' என்று இன்னொரு இதழும் தொடங்கினார், அதுவும் நின்றது நின்றபடி நிலைத்துவிட்டது.

அவரிடம் 1935-ல் வேலைக்குச் சேர்ந்தவர் லின் வெஸ்ட்காட். பின்னால் 1961 முதல் 1977 வரை மாடல் ரெயில்ரோடரின் ஆசிரியர். தானே செய்துபார்க்காமல் எதையும் எழுதமாட்டாராம். ரயில் மேஜைக்குச் சட்டம் எப்படி அடித்தால் ஆடாது என்பதற்கு அவர் சொன்ன முறையை இன்றும் பின்பற்றுகிறார்கள். 1956-ல் 101 தண்டவாள வரைபடங்களை ஒரே புத்தகமாகப் போட்டார்.

இந்த இதழில் அடிக்கடி வந்தவர் ஜான் ஆலன். கலிஃபோர்னியாவில் மான்ட்டரே என்ற ஊர், தொழில் புகைப்படம். வீட்டின் அடித்தளத்தில் மலையும் பள்ளத்தாக்கும் தரையிலிருந்து கூரை வரை உயர, கற்பனையில் ஒரு முழு ரயில்வேயையே கட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் உழைப்பு. 1973 ஜனவரியில் மாரடைப்பில் இறந்தார். சில நாள் கழித்து அந்த வீட்டில் தீப்பிடித்து ரயில்வே முழுவதும் அழிந்தது. மிஞ்சியவை அவர் எடுத்த படங்களும், மாடல் ரெயில்ரோடரில் அவற்றோடு வந்த கட்டுரைகளும். வெஸ்ட்காட் அவற்றைத் திரட்டி ஒரு புத்தகம் எழுதினார். அது வெளிவந்தபோது வெஸ்ட்காட்டும் உயிரோடு இல்லை. இன்றைக்கு மலையை எப்படிச் செய்வது என்று தேடுகிற யாரும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போகமுடிவதில்லை என்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் இடம் உள்ளவர்கள் கதை. அமெரிக்காவில் அடித்தளம் உண்டு, கராஜ் உண்டு. நமக்கு? 950 சதுர அடியில் பீரோவுக்கே இடம் தேடுகிறோம். நமக்கு ஏற்ற பத்திரிகைக்காரர் இங்கிலாந்தில் இருந்தார், சிரில் ஃப்ரீஸர். 'ரெயில்வே மாடலர்' 1949-ல் தொடங்கிய இதழ். பின்னர் பீகோ என்ற தண்டவாளக் கம்பெனியை நடத்திய சிட்னி பிரிச்சர்டு அதை வாங்கினார். ஃப்ரீஸர் 1950 முதல் 1978 வரை அதன் ஆசிரியர். இதழின் அட்டையிலேயே 'சராசரி ஆர்வலருக்கு' என்று போட்டிருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வாசகம் அது. போர் முடிந்து வீடுகள் நொறுங்கிக் கிடந்த இங்கிலாந்தில், சின்ன வீட்டில் ஒரு சுவரோரம் மட்டுமே உள்ளவன் என்ன செய்வான் என்று அவர் யோசித்தார். அலமாரித் தட்டு அளவில் ஒரு முனைய ரயில் நிலையத்தை எப்படி அமைப்பது என்று வரைந்து வரைந்து போட்டார். 1957-ல் அவர் போட்ட 'மினரீஸ்' என்ற வரைபடம் லண்டன் தெரு ஒன்றின் பெயரில் அமைந்தது. சில அடி நீளத்துக்குள் மூன்று நடைமேடை, அலுவலக நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ரயில்கள் வந்து எஞ்சின் மாற்றித் திரும்பும். எக்மோரைச் சுருக்கிப் புத்தக அலமாரியில் வைத்தது போல. எத்தனையோ பேர் அதைத் தங்கள் வசதிக்கு மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், இன்றும் கட்டுகிறார்கள்.

நம் நாட்டில்? சுதந்திரத்துக்குப் பின் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டில் வெளிநாட்டுப் பொம்மை இங்கே வருவது அரிதானது. பொம்மை வராத ஊருக்கும் பழைய பத்திரிகை வந்துவிடும் என்பதற்கு என் மூர் மார்க்கெட் இதழ்களே சாட்சி. படத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொண்ட தலைமுறை நாங்கள். ஆனால் புனேயில் பாவுசாஹேப் ஜோஷி என்பவர் படத்தோடு நிற்கவில்லை. தன் ஆசைக்கு ஹெச்.ஓ. அளவில் ஒரு நகரத்தையே கட்டினார். 1998 ஏப்ரல் 1-ம் தேதி அது அருங்காட்சியகமாகவே திறக்கப்பட்டது. புனே கோத்ரூட் பகுதியில் இருக்கிறது. விளக்கை அணைத்தால் அந்தச் சின்ன நகரத்துக்கு இரவு வரும், தெருவிளக்குகள் எரியும், ரயில்கள் ஓடும். பெண்ணோ பிள்ளையோ புனேயில் வேலை பார்ப்பவர்கள் நம்மில் பலர் உண்டு, அடுத்த முறை போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே பிள்ளைகள் ஏறிப்போகவே ஒரு குட்டி ரயில் உண்டு.

கால்ம்பாக் 1981-ல் காலமானார். மெக்கானோ மேகஸின் நின்ற அதே வருஷம். அவர் கம்பெனி 1987-ல் 'கிளாசிக் டாய் டிரெயின்ஸ்' என்று, பழைய தகர பொம்மை ரயில்களைச் சேகரிப்பவர்களுக்காகவே ஓர் இதழ் தொடங்கியது. பெரியவர்கள் ஓட்டுவது 'மாடல்', சிறுவர்கள் ஓட்டுவது 'பொம்மை' என்று இந்தத் துறையில் ஒரு கௌரவச் சண்டை எப்போதும் உண்டு. அதில் பொம்மை என்ற பெயரை வெட்கப்படாமல் அட்டையில் போட்ட இதழ் அது. 2024 மே மாதம் கால்ம்பாக் கம்பெனி தன் ரயில் இதழ்களை ஃபயர்க்ரவுன் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. தொண்ணூறு வருஷம் ஒரே பெயரின் கீழ் வந்த மாடல் ரெயில்ரோடர் கைமாறியது. நிற்கவில்லை.

சரி, என் பேரன் ரயிலுக்கு வருகிறேன். வெஸ்ட்காட், ஃப்ரீஸர் காலத்திலிருந்து இந்த இதழ்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த அறிவுரை ஒன்று உண்டு. ரயில் கவிழ்ந்தால் எஞ்சினைத் திட்டாதே, முதலில் தண்டவாளம் சமமாக இருக்கிறதா பார், அடுத்து சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அள. எங்கள் ஹாலில் டைல்ஸ் இரண்டு சேருமிடத்தில் ஒரு மேடு. வளைவு சரியாக அதன் மேல் இருந்தது. தச்சரிடம் சொல்லி ஆறடிக்கு நாலடியில் ஒரு பிளைவுட் பலகை வாங்கி அதன்மேல் தண்டவாளத்தை வைத்தேன். முதல் இரண்டு பெட்டியும் நான்காவதும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது அப்போதும் விழுந்தது. ஸ்கேல் வைத்து அளந்தால் மற்றப் பெட்டிகளைவிட அதன் ஒரு ஜோடி சக்கரம் ஒரு மில்லிமீட்டர் நெருங்கி இருந்தது. பேரன் மெதுவாக இழுத்துச் சரிசெய்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஓடியது.

அந்தப் பலகையை வீட்டில் வைக்க என் மருமகள் ஒப்புக்கொள்ளவில்லை, அவள் சொல்வதும் நியாயம்தான். செயலாளரிடம் கேட்டு கிளப் ஹவுஸில் கேரம் போர்டு அறையின் சுவரோரம் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் ஓடாத பொம்மை ரயில் இருந்தால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கொண்டுவாருங்கள். சக்கரத்தை அளக்க ஸ்கேல் என்னிடம் இருக்கிறது. வர முடியாதவர்கள் என்ன கோளாறு என்று ஒரு தாளில் எழுதி, பிளாக் எண்ணோடு, மடலுக்கான பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழ் வந்தால் அதில் பதில் எழுதுகிறேன். வராவிட்டால் உங்கள் வீட்டுக்கே வந்து சொல்லிவிடுகிறேன்.